சராசரியனுக்குத் தெரியாதது

"எளிதில் தோன்றக்கூடியதுதான்," என்றது சராசரியன், சந்தனமாரி நாற்காலியில் உட்காருவதற்குள்.

ஒரு தொழிலில் நடுத்தரத் திறமையுள்ள ஆளைப்போல யோசிப்பதற்காகக் காப்புரிமை மன்றம் வைத்திருக்கும் இயந்திரம் அது. ஒரு கண்டுபிடிப்பு அதற்கும் தோன்றிவிட்டால் உரிமை கிடையாது.

உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரைச் சுட்ட சங்குப்பொடியில் வடித்து, ஆறவிட்டு, மறுபடி வடித்தால் மின்கலத்துக்கான லித்தியம் சுத்தமாகப் பிரிகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் சந்தனமாரியும் கூட்டாளி லிங்கதுரையும் கண்ட முறை. இந்த மேல்முறையீட்டிலும் தோற்றால், பக்கத்து அளங்களை வளைத்துப் போட்டிருக்கும் நிறுவனம் நாளைக்கே அதை எடுத்துக்கொள்ளும். பிறகு இவர்கள் அளத்தை மூட வேண்டியதுதான்.

"யக்கா, உக்காருங்க. தரை தேயுது," என்றான் லிங்கதுரை.

அவள் எழுந்து நடுவரின் மேசைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். "ஐயா, அதுக்கு எப்படித் தோணுச்சுன்னு கேளுங்க."

"சங்குப்பொடி தெரிந்தது. ஆறவிடுவது தெரிந்தது. தெரிந்தவற்றைக் கோடி விதமாகச் சேர்த்துப் பார்த்தேன். அதில் ஒன்று இது," என்றது சராசரியன்.

"கோடி விதமாச் சேத்துப் பாக்கவன் நடுத்தர ஆளாய்யா? எங்க அளத்துல அப்படி ஒருத்தன் இருந்தா தூக்கிவச்சு ஊர்வலம் போயிருப்போம்!"

நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, எதை அளவா வைக்கச் சொல்றீங்க?"

"எழுத்துல இருக்கத மட்டும் வைங்க. எழுதாதத எல்லாம் அது தெரிஞ்சமாதிரி பேசக்கூடாது."

நடுவர் ஒத்துக்கொண்டார். இயந்திரத்தின் ஊகத்தை அடைத்து, ஏட்டில் உள்ளதை மட்டும் விட்டுவைத்தார்கள். மறுபடி கேட்டபோது சராசரியன், "தெரியாது," என்றது. லிங்கதுரை மன்றத்திலேயே விசிலடித்தான்.

அடுத்த மாதம் நிறுவனத்துக்கு ஓர் உரிமை வழங்கப்பட்டது: ஈரக் காற்று வீசும்போது பாத்தியைக் கிளறாமல் விட்டு உப்பின் சுத்தத்தைக் கூட்டும் முறை.

சந்தனமாரி மன்றத்துக்கு ஓடினாள்.

"ஈரமா கொண்டக்காத்து அடிச்சா பாத்தியில கைவைக்கக் கூடாதுன்னு அளத்துல எல்லாருக்கும் தெரியுமேய்யா! கிளறினா கசப்பு உப்புல ஏறிரும். அப்புறம் உப்பும் போச்சு, எங்க லித்தியத் தண்ணியும் போச்சு."

"எங்கே எழுதியிருக்கு?"

"இதப் போயி யாரு எழுதுவா?"

"இயந்திரத்தைக் கேட்டோம். தெரியாதுன்னு சொல்லிடுச்சு," என்றார் நடுவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்க வழக்குத் தீர்ப்புதாம்மா. இப்ப எல்லாருக்கும் அதுதான் சட்டம்."

அவள் அளத்துக்குத் திரும்பியபோது கிழக்கிலிருந்து காற்று பிசுபிசுவென்று வீசிக்கொண்டிருந்தது. பாத்திகளுக்கு மேலே நிறுவனத்தின் வேவு விமானம், பறவைக்கண், வட்டமிட்டது. லிங்கதுரை கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றான்.

"சும்மா நிக்காதலே," என்றாள் சந்தனமாரி. "குத்தமாயிரும்."

வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிக் கிளறத் தொடங்கினாள்.