இடது ஓரத்து போல்ட்

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் பிளேடு மாஸ்டர் அந்த மரப் பட்டறையின் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மரம் இழைக்கும் மெஷின்களுக்குப் பிளேடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். வாயைத் திறந்தாலும் பிளேடுதான் என்று கூட்டாளிகள் அவரை ஓட்டுவார்கள். ஒரு வருஷமாக, ஓட்டுவதற்குக்கூட யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

காரணம் இந்தப் பட்டறைதான். போன வருஷம் அவர் இங்கே பிளேடு மாற்றிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த மெஷின் உருளையிலிருந்து பிளேடு பிய்த்துக்கொண்டு வந்து பட்டறைக்காரரின் உயிரைக் குடித்துவிட்டது. மாஸ்டர் போல்ட்டை இறுக்காமல் விட்டுவிட்டார் என்று ஊரே பேசியது. இறுக்கினேன் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டது யார் காதிலும் ஏறவில்லை. அவர் போன பிறகு யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். யார் என்று யோசித்தால், செத்தவரின் தம்பி முகம்தான் வந்து நிற்கும். பட்டறை அவன் கைக்குத்தானே போனது.

இப்போது அந்தத் தம்பிக்காரனே போன் செய்து, நீங்களேதான் வரவேண்டும் என்று கூப்பிட்டிருந்தான்.

மாஸ்டர் முதல் காரியமாக ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷினில் கை வைக்கும் யாரும் செய்வதுதான். இன்று பையின் பட்டனையும் போட்டார்.

பழைய பிளேடுகளைக் கழற்றி, பள்ளத்தில் அடைந்திருந்த தூளைத் துடைத்து, புதியவற்றைப் பொருத்தினார். மட்டம் பார்க்க, மேஜைமேல் நேரான ரீப்பர் கட்டை ஒன்றை வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்றினார். பிளேடின் முனை கட்டையை இம்மியளவு இழுத்து விட்டது. மறு ஓரத்திலும் அதே அளவு. மட்டம் சரி. பிறகு நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்குமாகப் போல்ட்டுகளை இறுக்கினார்.

தம்பிக்காரன் வாசலருகே கைகட்டி நின்று, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்க என்று சொன்னதோடு சரி, வேறு பேச்சில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். கை துடைக்கத் துணி எடுக்கக் குனிந்தார்.

கிரீக்.

நிமிர்ந்து தொட்டுப் பார்த்தார். இடது ஓரத்து போல்ட் விரலுக்கே சுழன்றது.

தம்பிக்காரன் வாசலிலேயே நின்றான். ஆனாலும் முதுகைக் காட்டியது தன் தப்பு என்று மாஸ்டருக்குத் தோன்றியது. மறுபடி இறுக்கி, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தம்பி, இப்படி எதிர்ல வந்து நில்லுங்க. ரெண்டு கையையும் மேஜைமேல வைங்க."

அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வந்தான், வைத்தான்.

தூறல் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் அறுத்ததுபோல் பச்சை மரத்தூள் வாசனை மாஸ்டரின் தோளோரமாக வந்தது. அன்று அங்கே யாரும் மரம் அறுத்திருக்கவில்லை.

கிரீக்.

இருவர் கண்ணெதிரே போல்ட் சுழன்றது.

அது நின்றதும் அடுத்தது. வேலை தெரிந்த கை பிடியை மாற்றி மாற்றித் திருப்புவதுபோல், விட்டு விட்டு.

"அண்ணன் எப்பவும் இடது ஓரத்துலேருந்துதான் ஆரம்பிப்பாரு," என்று தம்பிக்காரன் கிசுகிசுத்தான்.

அண்ணனுக்கு அடுத்தவர் இறுக்கியதில் நம்பிக்கையே கிடையாதாம். மாஸ்டர் தலை மறைந்ததும் எல்லாவற்றையும் தளர்த்தி, தன் கையால் ஒருமுறை இறுக்கினால்தான் அவருக்கு மனசு ஆறுமாம். அன்றும் அப்படித்தான் தளர்த்தியிருக்கிறார்.

"பாதியில யாரோ வந்திருக்காங்கன்னு நான்தான் வெளியே கூப்பிட்டேன். பேசிட்டு வந்தவரு நேரா சுவிட்சைப் போட்டுட்டாரு."

"இதை ஏன் ஒரு வருஷமா சொல்லல?"

இன்றுதான் அவனுக்கு விளங்கியதா, முன்பே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தானா என்று அவன் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மாஸ்டருக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. செத்தவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

மெஷினைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தளர்த்தினதோட போயிட்டீங்க. இறுக்கி முடிச்சிடுங்க."

பிறகு போல்ட்டுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் திரும்பின. கடைசியில் மாஸ்டர் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. தம்பிக்காரன் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

நடந்ததை நாலு பேரிடம் சொல்லிவிடுவதாக அவன் வாக்குக் கொடுத்தான். சொன்னபடி செய்தும் விட்டான். சில நாளில் மாஸ்டரின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. நேற்று ஒரு பட்டறை, இன்று காலை இன்னொன்று. இரண்டும் புது இடங்கள். இழந்த பெயர் திரும்ப வந்ததில் அவர் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார்.

இன்றைய பட்டறையில் வேலையை முடித்து ஃபியூஸ் கட்டையைக் கொடுத்தார். அந்தப் பட்டறைக்காரர் அதைச் செருகிவிட்டுச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

பச்சை மரத்தூள் வாசனை.

"தொடாதீங்க."

மாஸ்டர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இடது ஓரத்து போல்ட்டைத் தொட்டார். விரலுக்கே சுழன்றது. அடுத்ததும். அதற்கடுத்ததும். கடைசி வரை தளர்ந்து கிடந்தன. அவற்றை இறுக்க எந்தக் கையும் வரவில்லை.

நேற்று பிளேடு மாற்றிக் கொடுத்த மெஷின் இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போய்ப் போனை எடுத்தார்.

அவர் அழைப்பதற்குள் அதுவே அடித்தது. நேற்றைய பட்டறையிலிருந்து.