பதின்மூன்று அட்டைகளும் ஒரு கத்தியும்

1976 ஜூன் 14, திங்கட்கிழமை. காலை 8.40.

ஆறு மணிக்கே காலைப் பூசைக்குக் கிளம்பிப் போய்த் திரும்பிய பியாட்ரிஸ் தன் அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். அலமாரியில் இருக்க வேண்டிய தோல்பை தரையில் கிடந்தது. அதைப் பூட்டியிருந்த வார் அறுபட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்தில், நேற்று மாலைதான் கைக்கு வந்த அவருடைய புதுச் சமையல் கத்தி.

குன்னூரில் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் பியாட்ரிஸ், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பார். வீட்டுமனை கேட்டிருந்த பதினான்கு குடும்பங்களுக்கு அரசு கொடுத்த குடும்ப அட்டைகள் அந்தப் பையில்தான் இருந்தன. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தாசில்தார் விசாரணை. அட்டை காட்டாதவர்களுக்கு மனை கிடையாது.

9.10. சப்-இன்ஸ்பெக்டர் தங்கமணி வந்தார். கத்தியையும் அறுந்த வாரையும் செய்தித்தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார்.

"இதையெல்லாம் வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்லைங்க. கதவைச் சாத்திட்டு நேரா உங்களுக்குத்தான் போன் பண்ணினேன்."

"வீட்டுக்குள்ள யார் வர முடியும்?"

"மேல் ரூம்ல ராஜரத்தினம் தங்கியிருக்கார். பக்கத்து எஸ்டேட்ல கிளார்க். அவர்கிட்ட சாவி உண்டு. ஆனா சமையல்கட்டுக் கதவை நான் பூட்டறதே இல்லை."

பால் ஊற்ற வந்த மூக்கம்மா, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கதவருகே கொல்லன் இருளப்பனைப் பார்த்ததாகச் சொன்னாள். கத்தியை அடித்ததும் அவர்தான். பதினான்கு குடும்பங்களில் ஒன்று அவருடையது.

9.50. ரோட்டுக்குக் கீழே இருந்த இருளப்பனின் பட்டறையில் துருத்தி ஓய்ந்திருந்தது. செய்தி அதற்குள் பரவியிருந்தது. அட்டை பறிபோனவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

"காலையில அங்க எதுக்குப் போனீங்க?" என்றார் தங்கமணி.

"அட்டையைக் குடுக்கத்தாங்க ஐயா. ரேஷனுக்கு வேணும்னு சனிக்கிழமை வாங்கிட்டு வந்தேன். அம்மா இல்லை. திரும்பிட்டேன்."

"அப்ப உங்க அட்டை மட்டும் பத்திரமா இருக்கு."

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் நின்றவர்களில் ஒருவரான வீரையா மெதுவாகச் சொன்னார். "ஒரே கப்பல்லதானே வந்தோம், இருளப்பா."

அதைக் கேட்டதும் இருளப்பனின் மனைவி காத்தாயி உள்ளே போய்விட்டாள்.

தங்கமணி உலைக்களத்தைப் பார்த்தார். "அந்தக் கத்தியைப் பத்திச் சொல்லுங்க."

இருளப்பன் நிமிர்ந்தார். "அம்மாவோட வீட்டுக்காரர் கப்பல்ல சமையல்காரரா இருந்தவர். ஜப்பான்ல வாங்கின மீன் கத்தி ஒண்ணு வெச்சிருந்தாங்க. அலகு அருமை. பிடி மெலிசான உருட்டுக்கட்டை. வாதம் பிடிச்ச அம்மா விரலுக்குள்ள அது நிக்கல. அலகு ஜப்பான் மாதிரி, பிடி வெள்ளைக்காரங்க சமையல் கத்தி மாதிரி வேணும்னாங்க."

பழைய அரம் ஒன்றை இரும்புத் தகட்டோடு சேர்த்துக் காய்ச்சி, ஒட்டுப் பிடிக்க வெண்காரம் தூவி, ஒன்றாக அடித்திருந்தார். அரம் நல்ல கூர் பிடிக்கும், ஆனால் எளிதில் உடையும். பின்னால் இருக்கும் இரும்பு அதைத் தாங்கும். இரண்டு முறை ஒட்டு விட்டது. மூன்றாவது அலகு தண்ணீரில் தோய்த்தபோது கோணியது. நான்காவதுதான் நின்றது. அலகின் இரும்பைப் பிடியின் கடைசி வரை நீட்டி, இரு பக்கமும் ஈட்டி மரம் வைத்து மூன்று பித்தளை ஆணி அடித்தார். பத்தொன்பது நாள் வேலை.

"ஜப்பான் கத்திக்கு ஒரு பக்கம்தாங்க சாணை. மறுபக்கம் சப்பட்டை. அம்மா இடது கைக்காரங்க. பழசு வலது கைக்குப் பண்ணினது. அதனால நான் சாணையை மாத்தி இடது பக்கம் பிடிச்சேன்."

தங்கமணி அதைக் குறித்துக்கொண்டார்.

11.20. எஸ்டேட் ஆபீஸ். ராஜரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நேத்து ராத்திரி ஏழரைக்கு வந்து நேரா மாடிக்குப் போயிட்டேனுங்க. காலையில ஆறரைக்குக் கிளம்பினேன்."

"புதுக் கத்தியைப் பார்த்தீங்களா?"

"கத்தியா? நீங்க சொல்லித்தான் தெரியும்."

"இருளப்பன் அடிச்சது."

"அவனுக்கு எங்கீங்க கத்தி அடிக்கத் தெரியும்? மம்பட்டி அடிக்கத்தான் லாயக்கு. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுற கத்தியை எல்லாம் வாங்குறாங்க பாருங்க. அவனை விசாரிங்க."

ஜன்னலுக்கு வெளியே பனி விலகி எதிர்ச் சரிவு தெரிந்தது.

"அதுதானே மனைக்கு ஒதுக்கின புறம்போக்கு? தேயிலை நிக்குதே."

"யாரோ வெச்சிருக்காங்க" என்றார் ராஜரத்தினம். வலது கையால் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.

12.15. விடுதிச் சமையல்கட்டு. பையின் மீதி வாரைப் பலகையில் வைத்து, தங்கமணி தன் வலது கையால் கத்தியை இழுத்தார். அலகு வலப்பக்கம் ஓடியது. நிதானமாக மறுபடி இழுத்தார். அப்போதும் வெட்டு அரிவாள் மாதிரி வளைந்தது. திருடன் அறுத்த வாரிலும் அதே வளைவு.

பியாட்ரிஸ் இடது கையால் வெட்டினார். நேராகப் போனது. வரச்சொல்லியிருந்த இருளப்பனுக்கும் வலது கைதான். ஆனால் மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். அதுவும் நேராகவே போனது.

பியாட்ரிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணரை மணி நேரம்தான் இருக்கு."

12.40. ராஜரத்தினத்தை ஒரு கான்ஸ்டபிள் கூட்டிவந்தார்.

"அட்டைகளை எங்கே வெச்சிருக்கீங்க?" என்றார் தங்கமணி.

"என்னைய எதுக்குக் கேட்கறீங்க?"

"இந்தக் கத்தியைப் பாருங்க. பார்த்தா ஒரு கோணலும் தெரியாது. வலது கையில பிடிச்சுக் கெட்டியான எதையாச்சும் அறுத்தவனுக்கு மட்டும்தான் இது ஒரு பக்கமா இழுக்கும்னு தெரியும். அறுந்த வாரைப் பார்த்தும் சொல்லியிருக்க முடியாது, அது காலையில இருந்து என் பைக்குள்ளேயே இருக்கு. கத்தியைப் பார்க்கவே இல்லைன்னு சொன்ன நீங்க, அது ஒரு பக்கமா ஓடும்னும் சொன்னீங்க."

"ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேனுங்க. கோவத்துல."

"அம்மா வெட்டினா நேராப் போகுது. பண்ணினவர் வெட்டினாலும் நேராப் போகுது. கோணலா அறுத்தது இந்தக் கத்தியோட பழக்கமில்லாத வலது கைக்காரன். அப்புறம், வர்ற வழியில மணியக்காரரைப் பார்த்தேன். அந்தச் சரிவுல தேயிலை வெச்சது உங்க சம்சாரம் பேர்லயாம். பதினாலு வீடு வந்தா அது போயிரும்."

ராஜரத்தினம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அட்டைகளை எரிச்சிட்டீங்களா?" என்றார் பியாட்ரிஸ்.

"இல்லைங்கம்மா. கவர்ன்மென்ட் காகிதம். கை வரலை. ஆபீஸ்ல பழைய ஆள்கணக்கு செக்ரோல் நோட்டுப் பெட்டிக்குள்ள இருக்கு. விசாரணை முடிஞ்சதும் திருப்பி வெச்சிடலாம்னுதான்."

ஜீப் எஸ்டேட்டுக்குப் போய்த் தாலுகா ஆபீஸ் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைசி வளைவில் தேயிலை லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. தங்கமணி இறங்கினார். அட்டைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மீதித் தூரத்தை ஓடியே கடந்தார்.

1.55. பதின்மூன்று அட்டைகள் பதின்மூன்று கைகளுக்குப் போயின. சிலர் அட்டையைத் திறந்து தங்கள் போட்டோ இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இருளப்பனும் காத்தாயியும் கடைசியாக வந்தார்கள். வீரையா பெஞ்சில் நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விட்டார்.

காத்தாயி உட்கார்ந்தாள். இருளப்பன் தன் பெயரைக் கூப்பிடும் வரை நின்றுகொண்டே இருந்தார்.