வலிக்காத வயிறு

அழுக்குக் கூடையில் அந்தப் பழைய நைட்டி கிடந்தது. நீலப்பூப் போட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், இனி இந்தக் கூடாரத்துக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அவளே மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டது. இப்போது அக்குள் பக்கம் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். அவளுடைய வியர்வைதான். அப்படியே கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் அவளும் பாப்பாவும்தான். வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் காலையில் போன் செய்திருந்தான்.

"ஹெர்னியா ஆபரேஷன்னா இத்தனை நாளா வலிக்கும்?"

"சிலருக்கு அப்படித்தாங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஹெர்னியாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குக் காரணம் அதைவிட வெட்கக்கேடு. பள்ளிக்கூட வாசலில் ஒரு பையனின் அம்மா அவள் வயிற்றை ஆசையாகத் தொட்டு, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அஞ்சு" என்று சொல்லித் தொலைத்தாள். கூட நின்றவர்கள் வாழ்த்து வேறு சொன்னார்கள்.

வலி கொஞ்ச நாள் இருக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கன்றிய இடமெல்லாம் மஞ்சளாகி மறைந்துவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது, ஆனால் பாப்பா பள்ளிவிட்டு வந்ததும் தினமும் தொப்புளுக்குக் கீழே இடது பக்கமாக, யாரோ எதையோ இறக்கி வைத்ததுபோல் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் கட்டச் சொன்ன பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது எழுந்து போவதாக இல்லை.

முன்பெல்லாம் அந்த இடம் பாப்பாவுடையது. பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து வயிற்றில் தலைவைத்துப் படுப்பாள், கையால் டொம் டொம் என்று மத்தளம் வாசிப்பாள். ஆபரேஷன் முடிந்து வந்த அன்றும் அப்படித்தான் ஓடிவந்தாள். "கிட்ட வராத! அம்மாவுக்கு வலிக்கும்!" என்று இவள் தள்ளிய தள்ளலில் நாற்காலியில் மோதி விழுந்தாள். அழவில்லை. எழுந்து, பையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் நேராக அங்கேதான் போகிறாள். குழந்தைக்குப் புத்தி வந்துவிட்டது என்று இவள் நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசியது.

இன்றும் போய்விட்டாள். இவள் ஹாலில் மூச்சைப் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது, சமையலறைக் குழாய் சொட்டியது. அதற்கு நடுவே, உள்ளே ஒரு சத்தம்.

டொம்.

இடது பக்கம் சுரீர் என்றது.

டொம். டொம்.

சுரீர். சுரீர்.

சதையில் உள்ளங்கை விழும் சத்தம். அவளுக்கா தெரியாது?

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியில் அழுக்குக் கூடை. காலி.

உள்ளே பாப்பா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் நீலப்பூக்கள். சுவர்ப்பக்கம் திரும்பிய தலை. மேடாக ஏறி இறங்கும் வயிறு. அதன்மேல் பாப்பாவின் கன்னம்.

இவளுக்கு வயிற்றில் அந்தக் கன்னத்தின் சூடு தெரிந்தது.

"பாப்பா... அம்மாகிட்ட வா கண்ணு."

பாப்பா தலையைத் தூக்கவில்லை. "நீ போ. உனக்கு வலிக்கும். இந்த அம்மாவுக்கு வலிக்காது."

"இல்ல கண்ணு. எனக்கும் வலிக்கல. நெஜமா."

பொய். இன்னொரு பொய். வலியில் உயிர் போனது.

கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்தது. அவளுடைய பழைய குண்டு விரல்கள். போர்வையை இழுத்து, தூங்கவைக்கும்போது அவள் செய்வதுபோலவே, பாப்பாவின் காதை மூடிவிட்டன. பாப்பா இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டு கையை ஓங்கினாள்.

டொம்.

இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வயிற்றில் தெரிந்த அந்தக் கன்னத்தின் சூடு இப்போது இல்லை.

டொம். டொம்.

வலிக்கவேயில்லை.