ஆறாவது ஸ்பீக்கர்

யர்மோவை எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தே பிடிக்காது. ராஹே வடக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பிடிக்காதவனையும் வாரத்துக்கு நாலு தடவை பார்த்துத்தான் ஆக வேண்டும். அவன் துறைமுகத்தில் மேலாளர். நான் வீடு வீடாகப் போய் டிவியும் ஸ்பீக்கரும் மாட்டிப் பிழைப்பவன். இந்த வித்தியாசத்தை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. என்னையும் மறக்க விட்டதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கடலோரத்துப் பழைய மரவீடு. அதுவும் அவனுடையது இல்லை, மனைவி மெர்விக்கு அவளுடைய பெற்றோர் விட்டுப் போனது. ஆனால் கதவைத் திறந்து நின்ற தோரணையைப் பார்த்தால், ஒவ்வொரு பலகையையும் அவனே இழைத்து அடித்த மாதிரி இருந்தது.

"வாடா இல்போ. ஷூவக் கழட்டு. ஒன் சாக்ஸ் காலாலயே ஊரு குப்பையெல்லாம் உள்ள வந்துரும் போலிருக்கே."

கையில் ஒரு கட்டம் போட்ட தாளை நீட்டினான். முதன்முதலாகத் தன் வீட்டில் சினிமா அறை கட்டுகிறவர்கள் எல்லோருமே ஏதாவது வரைந்து வைத்திருப்பார்கள். ஆனால் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. திரைக்கு ஒரு நிறம், ஸ்பீக்கர்களுக்கு ஒரு நிறம், ஒயர் போகிற வழிக்கு ஒரு நிறம். முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, மூலையில் அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய வூஃபர். சோபா மட்டும் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"சோபாவ ஒன்றரை மீட்டர் முன்னாடி இழுக்கணும். செவுத்தோட ஒட்டிப் போட்டா சத்தமெல்லாம் மண்டைக்குப் பின்னாடியே குமிஞ்சிரும்" என்றேன்.

"மூணு மாசம் படிச்சுப் போட்ட பிளான்டா இது. நீ ஒயரச் சொருகு, போதும்."

காசைக் கொட்டினால் காது வளரும் என்று நம்புகிற ரகம். கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர் வாங்கி வைத்திருந்தான். அதைக் கண்டு நான் வாய்பிளப்பேன் என்று எதிர்பார்த்தான். நான் கொட்டாவி விட்டேன்.

அறை கீழே இருந்தது. பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை, ஐந்து மரப்படிகள். இருந்த ஒரே ஜன்னலையும் கறுப்புத் துணியால் அறைந்து மூடியிருந்தான். புதுக் கம்பளத்தின் பசை வாடை. அதற்கடியில் வேறு ஒரு வாடையும் இருந்தது. ஆஸ்பத்திரித் தைலம் மாதிரி, புதினாக் காரத்தோடு, எத்தனை கழுவினாலும் போகாத வாடை.

பின்சுவரை ஒட்டி வெந்நீர்க் குழாய் ஓடியது. அதில் ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உதிர்ந்து, இரும்பு பொடிப்பொடியாகக் குழிந்திருந்தது.

"என்ன இது?"

"அதுவா? நம்ம டொக்டொக் துரையோட கைவண்ணம்" என்று சிரித்தான் யர்மோ. "பட்டி தடவி பெயின்ட் அடிக்கணும். ஆளு போயும் வேலை வச்சுட்டுப் போயிருக்கான்."

அவன் சொன்னது எஸ்கோவை. மெர்வியின் தம்பி. முப்பத்தெட்டு வயதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பேச்சும் வலது பக்கமும் போய், மூன்று வருடம் இந்த அறையில்தான் கிடந்தான். இடது கையில் ஒரு கரண்டி. எது தேவைப்பட்டாலும் குழாயில் தட்டுவான். வீடு முழுக்கக் கேட்கும். போன மார்ச்சில் செத்துப் போனான். சாவுக்கு நானும் போயிருந்தேன். தூக்கத்திலேயே போய்விட்டான், புண்ணியவான் என்று எல்லோரிடமும் யர்மோதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷம் மூத்திர நாத்தம்டா. இனிமே பாப்கார்ன் வாசனைதான்."

அப்போது மெர்வி காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தாள். மூன்றாவது படியோடு நின்றுவிட்டாள். தட்டை நான் எழுந்து போய் வாங்க வேண்டியிருந்தது.

"கீழ வாயேன், பாரேன்" என்றான் யர்மோ.

"இல்ல. முடிஞ்சதும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

"என்னை விட அவளுக்கு இங்க அவன் கெடந்த கட்டில்தான் பெருசு" என்றான் என்னிடம், அவள் காதில் விழுகிற மாதிரியே.

வேலையை ஆரம்பித்தேன். சுவர் ஓரக் கட்டைக்கு அடியில் ஒயர்களை ஓட்டினேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ப்ரொஜெக்டரைக் கூரையில் மாட்டித் திரையை இறக்கினேன். அவன் இன்னொரு காபிக்கு மேலே போன நேரத்தில் சோபாவை ஒன்றரை மீட்டர் முன்னால் இழுத்தும் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மூன்று மாதப் படிப்பின் லட்சணம் அதுதான்.

மூன்றரை மணிக்கு வெளியே வெளிச்சம் போய்விட்டது. உள்ளே அதற்கு வெகு முன்பே போயிருந்தது.

கடைசி வேலை, அறையை அளப்பது. அவன் உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ஒரு சின்ன மைக்கை நிறுத்தி ஆம்ப்ளிஃபையரில் சொருக வேண்டும். அது ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் எழுப்பி, எது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துத் திரையில் எழுதும். அதுவரை யாரும் மூச்சுக் காட்டக் கூடாது.

பொத்தானை அழுத்தினேன். சத்தம் எழவில்லை. திரையில் எழுத்து வந்தது.

அறையில் சத்தம் அதிகம். அமைதியாக்கவும்.

நானும் யர்மோவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அறை கல் மாதிரி இருந்தது.

"மெர்வி!" என்று கத்தினான். "மேல என்ன குதிரையா ஓட்டுற? ஒரு எடத்துல ஒக்காரு!"

"ஒக்காந்துதான் இருக்கேன்" என்று குரல் வந்தது.

மறுபடி அழுத்தினேன். இந்தத் தடவை சத்தம் கிளம்பியது. இடது, நடு, வலது என்று அறையைச் சுற்றி வந்தது. ஐந்தும் முடிந்து வூஃபர் உறுமியது. பிறகு முடிவைத் திரையில் போட்டது. ஐந்து ஸ்பீக்கர்களின் தூரமும் நான் டேப்பால் அளந்ததோடு சரியாகப் பொருந்தியது.

கீழே இன்னொரு வரி.

பின் நடு ஸ்பீக்கர்: உண்டு. 1.5 மீட்டர்.

"பின்னாடி ஏதுடா ஸ்பீக்கர்?" என்றான் யர்மோ.

ஆம்ப்ளிஃபையரைத் திருப்பிப் பார்த்தேன். பின் நடு ஸ்பீக்கருக்கான துளையில் ஒயர் இல்லை. கம்பெனி மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றாமல் இருந்தது. டேப்பை எடுத்து மைக்கிலிருந்து பின்னால் இழுத்தேன். ஒன்றரை மீட்டரில் அது குழாயைத் தொட்டது. பெயின்ட் உதிர்ந்த இடத்தை.

"ஒன் மைக்கு ஓட்டை. அஞ்சு வருஷமா அதையே தூக்கிட்டு அலையிற."

"மைக்கு ஆம்ப்ளிஃபையரோட வந்தது. நீ வாங்குனதுதான்."

இன்னொரு தடவை அளந்தேன். மைக்கை இம்மியும் நகர்த்தவில்லை.

பின் நடு: உண்டு. 0.9 மீட்டர்.

டேப்பை மறுபடி இழுத்தேன், குழாய் ஒன்றரை மீட்டரிலேயே இருந்தது.

யர்மோவுக்கோ கோபம்தான் வந்தது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான். "நானே புடிக்கிறேன். ஒனக்கு ஒரு மண்ணும் தெரியல. அழுத்து."

அழுத்தினேன். சத்தம் சுற்றி வந்தது. ஐந்தாவது முடிந்ததும் அறை அடங்கியது. அந்த அமைதிக்குள் யர்மோ கழுத்தின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"கதவு தொறந்திருக்கா? கழுத்துல காத்து படுதே" என்றான் தாழ்ந்த குரலில். "சூடா இருக்கு."

கதவு அவனுக்கு முன்னால் இருந்தது. மூடியிருந்தது.

புதினாக் காரம் மூக்கில் ஏறியது.

பின் நடு: உண்டு. 0.2 மீட்டர்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது. ப்ரொஜெக்டர் விசிறி முனகி நின்றது. அந்த அறையின் இருட்டை அவன்தான் காசு கொடுத்து உண்டாக்கியிருந்தான். என் கையே எனக்குத் தெரியவில்லை.

டொக்.

டொக்.

டொக்.

மின்சாரமே இல்லாத வூஃபரிலிருந்து வந்தது. என் உள்ளங்கால் வழியாக ஏறியது.

படிக்கதவு திறந்தது. செல்போன் வெளிச்சத்தோடு மெர்வி நின்றாள். இந்தத் தடவை அவள் மூன்றாவது படியில் நிற்கவில்லை. கீழே வந்தாள்.

"மூணு" என்றாள்.

"அது ஒயர் கோளாறு மெர்வி. இந்தக் கூமுட்டை தப்பா சொருகி..."

"ஒரு தட்டு, ஆமா. ரெண்டு தட்டு, தண்ணி. மூணு தட்டு, மூச்சு முட்டுது." அவள் யர்மோவைப் பார்க்கவில்லை. அவன் தலைக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். "நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சது. எஸ்கோ, நான் தாம்பெரே போயிருந்தேனே, அந்த ஞாயித்துக்கெழம. தட்டுனியா?"

டொக்.

"இவனுக்குக் கேட்டுச்சா?"

யர்மோ சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

டொக்.

யர்மோ எழ முயன்றான். எழவில்லை. ஏதோ தோளில் உட்கார்ந்திருப்பது போலச் சோபாவிலேயே கிடந்தான்.

"எந்நேரமும் தட்டிட்டேதானே இருப்பான்! எதுக்குத் தட்டுறான்னு எவனுக்குத் தெரியும்? தலகாணி சரிஞ்சாலும் தட்டுவான், ஈ ஒக்காந்தாலும் தட்டுவான்" என்று பொரிந்தான். பிறகு குரல் இறங்கியது. "ஐஸ் ஹாக்கி மேட்ச் ஓடிட்டிருந்துச்சு மெர்வி. கடைசி இருவது நிமிஷம். கொஞ்சம் சவுண்டக் கூட்டி வச்சேன். அவ்வளவுதான். அப்புறம் தட்டுறது நின்னுடுச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் தட்டுனான்?"

வூஃபர் பதில் சொல்ல ஆரம்பித்தது.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. இடைவெளி. மெர்வி படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்தது, ஆனால் அவள் உட்கார்ந்து கேட்கிறபோது எழுந்து போக எனக்கு முகம் இல்லை. கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தட்டுகள் வேகம் பிடித்தன. பிறகு தளர்ந்தன. பிறகு தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கரண்டி நழுவுவது போல ஓர் உரசல்.

இருபத்திரண்டு நிமிடம்.

கடைசியில் இரண்டு தட்டு கேட்டது. மூன்றாவதற்காக மூவரும் காத்திருந்தோம்.

வரவில்லை.

மெர்வி எழுந்தாள். அழவில்லை. "ஒன் துணிமணிய எடுத்துக்க. இது என் வீடு" என்றாள். அத்தனை வருடத்தில் அவள் அவனைப் பார்த்த பார்வைகளிலேயே அதுதான் நேரான பார்வை. குப்பைத் தொட்டியைத் திறந்து மூடுகிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆம்ப்ளிஃபையரை என் பட்டறையில் நாலு தடவை அளந்து பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. அந்த அறை அதற்குப் பிறகு சத்தமே போடவில்லை என்று மெர்வி சொன்னாள். ஜன்னல் துணியைக் கிழித்தெறிந்துவிட்டு, கீழே தன் புத்தகங்களை அடுக்கியிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து படிக்கிறாளாம்.

பிப்ரவரியில் யர்மோவிடமிருந்து போன் வந்தது. ஓலுவில் ஐந்தாவது மாடியில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோயிருந்தான். புது டிவி தகராறு பண்ணுகிறதாம்.

"கொஞ்சம் வந்து பாரேன் இல்போ. ப்ளீஸ்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. உதவி செய்ய ஒன்றும் போகவில்லை. அவன் எந்த லட்சணத்தில் இருக்கிறான் என்று பார்த்து ரசிக்கத்தான் எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் நிறையப் பனியும் வெயிலும். தாடி மழிக்காமல், பனியனோடு கதவைத் திறந்தான். ஷூவைக் கழற்று என்றுகூடச் சொல்லவில்லை.

டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் முப்பதில் இருந்தது. ரிமோட் மேஜைமேல், பேட்டரி தனியாக, ரிமோட் தனியாக.

"இப்பப் பாரு" என்று கிசுகிசுத்தான்.

திரையின் ஓரத்தில் எண் தோன்றியது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. யாரோ பொறுமையாக, ஒவ்வொன்றாக அழுத்துவது போல இறங்கியது. பத்து. ஐந்து. பூஜ்யம். ஆட்டக்காரர்கள் ஊமையாகச் சறுக்கினார்கள்.

"கேக்குதா? ரெண்டு தட்டு" என்றான்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

யர்மோ பதறி எழுந்தான். "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே சமையல் மேடைக்கு ஓடி ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தான். அதைத் தளும்பாமல் எடுத்துப்போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் யாருமே இல்லாத இடத்தில், குனிந்து, பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

டிவியில் எண் மறுபடி தோன்றியது. ஒன்று. இரண்டு. மூன்று. மெல்ல மெல்ல, முப்பது வரைக்கும் ஏறி நின்றது.