ஓப்பன் பேப்பர் வாகனம்

அலுவிகாரையில் பெருவீதியை விட்டு இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் நடராஜாவின் வளவு. பழைய வாகனங்களை வாங்கி விற்பது அவர் தொழில். நளீம் போய்ச் சேர்ந்தபோது, பலாமரத்தின் கீழ் நின்ற சாம்பல் நிறக் காரை அவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மீட்டரப் பாருங்க தம்பி. நாலு லட்சம் கிலோமீட்டருக்கு மேல. நான் மீட்டர் திருப்புற ஆள் இல்ல. சந்திரன் வரைக்கும் ஓடின சாமான், ஒங்கள மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதா?”

நளீமுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி ஆதிபாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தம் கழுவியாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும். மறுமுறையும் தவறினால் ஆள் இல்லை. யட்டவத்த மலைப்பக்கத்து வீட்டுக்கு பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. த்ரீவீல் குலுக்கலில் அவள் மயங்கிப்போவாள். தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன், மிளகுக் கொடி ஓடிய காணித் துண்டை விற்றுவிட்டு வந்து நின்றான்.

“வாகனம் யாரு பேர்ல ஈக்கி?”

“மீனாம்பிகைன்னு ஒரு டீச்சரம்மா. வடக்குப் பக்கத்து ஆள், இங்க படிப்பிச்சவங்க. விக்கணும்னு கையெழுத்துப் போட்ட ஓப்பன் பேப்பர் இருக்கு. வாங்குறவன் பேர் எழுதுற எடம் சும்மாதான் கிடக்கு. கை எத்தனையோ மாறிச்சு, ஒருத்தனும் பேர் மாத்தல்ல. இந்த ஊர்ல யாரு மாத்துறான்? சாவி யாரு கையிலயோ அவன்தான் சொந்தக்காரன்.”

“டீச்சர் இப்ப எங்க?”

நடராஜா துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“இல்ல.”

மாத்தளையில் கராஜ் வைத்திருந்த றினோஸ், நளீமின் தூரத்துச் சொந்தம்; அண்ணன் முறையில் அவனை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினான். ரேடியேட்டரைக் கழுவினான், பிளக் மாற்றினான், பிரேக்கைப் பிரித்துப் பூட்டினான். நளீமும் சந்தையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வாகனத்துக்கு அடியில் படுத்துக்கொள்வான். எஞ்சின் பிடித்துக்கொண்ட அன்று இரண்டு பேரும் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு குறைதான் தீரவில்லை. பின்பக்கம், இடது மூலை பதிந்தே நின்றது.

ஷொக் மாற்றியாயிற்று. ஸ்பிரிங் மாற்றியாயிற்று. மாற்றிய அன்று நிமிர்ந்து நிற்கும். விடிந்து பார்த்தால் மறுபடி பதிந்திருக்கும்.

“ஒருத்தரும் ஏறாமலே சாயுது நானா,” என்றான் றினோஸ். “என்னட கைத்தொழில்ல பிழை இல்ல.”

நளீம் குனிந்து, அந்த மூலைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். இருபது வருஷம் மூட்டை சுமந்த தோள் எடையில் ஏமாறாது. வெங்காய மூட்டையைவிடக் கூட. நெல் மூட்டையைவிடக் குறைவு.

மூட்டை என்றால் அசையாது.

இது அசைந்தது. தூக்கியவனுக்கு இடம் விட்டு, சற்றே தள்ளி உட்கார்ந்துகொண்டது.

அவன் தோளை உருவிக்கொண்டு எழுந்தான். “இப்படியே ஓடட்டும்,” என்றான் றினோஸிடம். நாளைக்கு ஆஸ்பத்திரி நாள்.

வாகனம் ஓடியது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆதிபாவைப் பின் சீட்டில் கிடத்தி, மலையிறங்கி, நேரத்துக்குக் கொண்டுபோய்விடுவான். கதவை மூடியதும் உள்ளே ஒரு வாடை எழும்பும்: பழைய சேலைன் போத்தலின் இனிப்பு, கூடவே காயாத தலைமுடியின் புழுக்கம். ஜன்னலை இறக்கினாலும் அது போகாது. வளைவுகளில் திரும்பும்போது பின்னால் கண்ணாடி வளையல் உரசுகிற சத்தம் கேட்கும். ஆதிபாவின் கைகள் வெறுங்கைகள்.

ஒரு நாள் அவளே கேட்டாள்.

“இஞ்ச பாருங்க, பின்னுக்குத் தலகாணி வச்சீங்களா?”

“இல்லயே.”

“அப்ப என்னட தலைய யாரு மடியில வச்சிக்கிறது?” அவள் குரலை இறக்கினாள். “கை ஐஸ் மாதிரி. நெத்தியத் தடவுறாங்க. ‘பயப்பிடாதேங்கோ’ன்னு செல்றாங்க. யாழ்ப்பாணத்துப் பேச்சு.”

அன்றைக்கே கராஜிலிருந்து நடராஜாவுக்குப் போன் எடுத்தான். டீச்சருக்கு என்ன நடந்ததென்று கேட்டான். இருமிவிட்டு அவர் சொன்னார். “அந்த டீச்சருக்கும் சுகமில்ல தம்பி. மருந்துச் செலவுக்கு விக்கத்தான் கையெழுத்துப் போட்டாங்க. மறுநாள் புருஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள மலையில நின்டுபோச்சு. பின் சீட்டுலயே... வாகனத்துல என்ன பிழை? செத்தது வாகனம் இல்லயே.”

“மனுஷனா நீங்க?” என்று போனைப் பிடுங்கிக் கத்தினான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த றினோஸ். “நானா, தள்ளிவிடுங்க இத!”

“தள்ளிட்டு அவளத் தோள்ல தூக்கிட்டுப் போகவா?” என்றான் நளீம். “பேய் ஏறின வாகனமாச்சும் ஓடுது. பஸ் அதுவும் இல்ல.”

குர்ஆனின் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு கதவிலும் ஊதினான். அதற்கு மேல் அவனிடம் வழியில்லை.

பிறகு மழை பிடித்தது. மண் சரிந்து பாதை மூடியதில் ஒரு முறை தவறிவிட்டது. அடுத்த முறை விடியும்போது ஆதிபாவின் முகம் வீங்கி, கண்கள் கோடாகியிருந்தன. மூச்சு சளசளத்தது. மண்ணை ஒதுக்கிய ஒற்றை வழியில் காரை இறக்கினான்.

பாதி மலையில், மதகை ஒட்டிய வளைவில் எஞ்சின் நின்றது.

சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை.

மழை. ஒரு வாகனமும் இல்லை. போனில் சிக்னல் இல்லை.

இடது மூலை பதிந்தது. இன்னும் பதிந்தது. தகடு டயரில் முட்டி முனகியது.

“மூச்சு... முடியல...” என்றாள் ஆதிபா.

நளீம் குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்தான். மழை முகத்தில் அறைந்தது. உள்ளே அவன் மனைவி மட்டும்தான் கிடந்தாள். அவள் தலை சீட்டைத் தொடாமல், ஒரு மடி உயரத்தில் நின்றது.

அவன் மண்டியிட்டான். பிறகு கத்தினான்.

“இது யாருட வாகனமோ அவங்க மட்டும் இருங்க! மத்தவங்க இறங்குங்க! அல்லாவுக்காக இறங்கிடுங்க!”

அவன் தோளை உரசிக்கொண்டு ஏதோ வெளியேறியது.

வாகனம் மெல்ல நிமிர்ந்தது.

சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது, புத்தம் புதுசுபோல. அழுதுகொண்டே ஓட்டினான். கண்ணாடியில் பார்த்தபோது ஆதிபா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்காக நிமிராத முதுகு நேராக நின்றது.

ஆஸ்பத்திரியில் அவளே நடந்து போனாள். மெஷினில் போட்டார்கள். நீர் இறங்கியது, தப்பிவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். நளீம் நடைபாதையிலேயே நெற்றி தரையில் பட சுஜூது செய்தான். தாதி மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, “கேட்குதில்லயா இவங்களுக்கு? ஆதிபா, ஆதிபான்னு எத்தன தரம் கூப்பிடுறது?” என்று சலித்துக்கொண்டாள்.

பகல் சாய்வதற்குள் திரும்பினார்கள். மழை தூறலாகியிருந்தது. அவள் படுக்கவில்லை. பின் சீட்டில் கைகளை மடியில் கோத்து, பாடசாலைக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“பசிக்குதா புள்ள?”

அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வளைவு வந்தது.

மதகுக் கட்டின் மேல் ஒருத்தி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். காரைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். வீங்கிய முகம். கோடாகிய கண்கள்.

உள்ளங்கை ஜன்னலில் அறைந்தது.

“இஞ்ச பாருங்க! ஏன் என்ன இறங்கச் சொன்னீங்க?”

அப்போதுதான் நளீமுக்கு ஓப்பன் பேப்பர் நினைவுக்கு வந்தது. அதில் இருந்த ஒரே பெயர், மீனாம்பிகை, நினைவுக்கு வந்தது. சொந்தக்காரி மட்டும் இருக்கட்டும் என்று அவன் வாயாலேயே சொல்லியிருந்தான்.

பிரேக்கை மிதித்தான். மிதி தரையைத் தொட்டது.

கார் நிற்கவில்லை. மேட்டில் வேகம் எடுத்தது.

கண்ணாடியில் ஆதிபா முக்காடு நழுவ ஓடிவந்தாள், சிறுத்தாள், தூறலில் கரைந்தாள்.

“நிப்பாட்டாதேங்கோ,” என்றது பின் சீட்டில் இருந்த ஆதிபாவின் வாய். “அவ வேற வாகனத்தில வருவா.”