சில்லில்லாத வாகனம்

சுபாங்கியின் அப்பா குணரத்தினத்துக்கு எதற்கும் பயம் கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பாரிஸ் லா சப்பலில், ரூ காய் தெருவில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்குள் எலி வந்தால் தும்புத்தடியோடு முதலில் பாய்வது அவர்தான். பல் பிடுங்கப் போனபோதுகூட நாற்காலியில் படுத்தபடி மருத்துவருக்கு அரசியல் விளக்கினார். வாய் முழுக்கப் பஞ்சு இருந்ததால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

2013 டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முந்தைய வாரம், அம்மா அஜந்தா வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு குலுக்கல் நடந்தது. முதல் பரிசு அம்மாவுக்கு விழுந்தது. மூன்று பேருக்கு மத்தியதரைக் கடலில் ஏழு நாள் கப்பல் பயணம். ஏப்ரல் விடுமுறையில் மார்செய் துறைமுகத்திலிருந்து புறப்பட வேண்டும்.

அம்மா பரிசுச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படித்தார். அந்த வாரம் அம்மா நிறையப் பால் எடுத்தார்.

பத்து வயதுச் சுபாங்கிக்குக் கப்பல்மீது அவ்வளவு ஆசை இல்லை. அவ்வளவு பெரிய இரும்பு எப்படி மிதக்கிறது என்று யோசித்தால் அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் அவள் வேறொரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அப்பாவின் கடை வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். அப்பாவோடு ஒரு முழு நாள் இருந்ததாகச் சுபாங்கிக்கு ஞாபகமே இல்லை. பூங்காவுக்குப் போனால் பாதியில் தொலைபேசி அடிக்கும், அப்பா கடைக்கு ஓடிவிடுவார். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து அவர் எங்கே ஓடுவார்? ஏழு நாளும் அப்பா அவளுக்கே அவளுக்கு! அதை நினைக்கும்போது கப்பல் பயம் கொஞ்சம் குறைந்தது.

ஆனால் அப்பா பிடி கொடுக்கவில்லை.

"கடையை ஆர் பாக்கிறது?" என்றார் முதல் நாள்.

கடையில் வேலை செய்யும் கரிகாலன் வெண்டிக்காய்ப் பெட்டியைத் தூக்கியபடியே சொன்னார்: "நான் பாக்கிறன் அண்ணை. ஏழு நாள்தானே. நீங்கள் போட்டு வாங்கோ."

அப்பா அவரை நன்றியில்லாமல் பார்த்தார்.

"கப்பலில சோறு தருவினமோ?" என்றார் இரண்டாம் நாள்.

"தருவினமாம். நான் விசாரிச்சிட்டன்," என்றார் அம்மா.

"எனக்கு இடுப்பு நோ. கன தூரம் போக ஏலாது," என்றார் மூன்றாம் நாள்.

"கப்பல்தானேயப்பா போகப் போகுது. நீங்கள் கதிரையில இருந்தால் சரி."

நான்காம் நாள் அப்பாவிடம் காரணம் தீர்ந்துவிட்டது. அதனால் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் பள்ளிக்கூடம் இல்லை. பயணத்துக்குப் புதிய சூட்கேஸ் வாங்க மூவரும் புறப்பட்டார்கள். லா வில்லெத் கால்வாயிலிருந்து பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்கு இலவசப் படகு ஓடியது. சுபாங்கி அம்மாவோடு அதில் பத்து முறை போயிருக்கிறாள். அப்பாவுக்கு அன்றுதான் முதல் தடவை.

அம்மா ஏறினார். சுபாங்கி ஏறினாள். அப்பா கரையிலேயே நின்றார்.

"ஏறுங்கோவன் அப்பா!"

"நீங்கள் போங்கோ. நான் நடந்து வாறன். நடக்கிறது உடம்புக்கு நல்லது."

"இடுப்பு நோ எண்டு சொன்னீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"இடுப்பு நோவுக்குத்தான் நடக்க வேணும்!"

படகு புறப்பட்டது. அப்பாவும் கரையோரப் பாதையில் புறப்பட்டார். முதலில் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் ஓடினார். சுபாங்கி திரும்பிப் பார்த்ததும் சட்டென்று நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரங்களை ரசிப்பவர்போல் மேலே பார்த்தார்.

அம்மா கைத்தொலைபேசியில் சூட்கேஸ் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இதை முழுக்கப் பார்த்தது சுபாங்கி மட்டும்தான்.

கடைத்தொகுதியில், அடியில் உருளும் நாலு சில்லு வைத்த நீலச் சூட்கேஸ் ஒன்று வாங்கினார்கள். திரும்பும்போது அப்பா மறுபடியும் நடக்கத் தயாரானார்.

"நானும் அப்பாவோட நடந்து வாறன்," என்றாள் சுபாங்கி.

கால்வாய்க்கரையில் சூட்கேஸ் கடகடவென்று உருண்டது.

"அப்பா, உங்கடை ஊரில கடல் இருந்ததோ?"

"உரும்பிராயில கடலோ? இல்லைப் பிள்ளை. கிணறுதான். கிணறு எண்டால் அது எங்கை தொடங்குது, எங்கை முடியுது எண்டு தெரியும்." அப்பா கால்வாயைப் பார்க்காமலே சொன்னார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தக்காளிப் பெட்டி தூக்கிறவனுக்கு நீச்சல் எதுக்கு?"

அப்பாவுக்குப் பயம் என்று சுபாங்கிக்கு இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால் அம்மா சிரிப்பார். கரிகாலனிடம் சொன்னால் ரூ காய் முழுக்கச் சிரிக்கும். அப்பாவைப் பார்த்து ஊரே சிரிப்பதை நினைக்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"கப்பலுக்கு வருவீங்கள்தானே அப்பா?" என்று மட்டும் கேட்டாள். "நீங்கள் வராட்டி நானும் போகமாட்டன்."

அப்பா அவளைப் பார்த்தார். சூட்கேஸைப் பார்த்தார். "வருவன், வருவன். எனக்கென்ன பயமே?" என்றார்.

சொன்னபடியே ஏப்ரலில் ரயிலேறி மார்செய்வரை வந்தும்விட்டார். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை ஊழியர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நீலச் சூட்கேஸை மட்டும் அப்பா விடவில்லை.

"அதையும் குடுங்கோவன்," என்றார் அம்மா.

"இது என்னோட இருக்கட்டும்."

அந்தச் சூட்கேஸுக்குள் அப்பாவின் உடுப்பு மட்டும்தான் இருந்தது. அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று சுபாங்கிக்குப் பட்டது.

சோதனை செய்யும் இடத்தில் அப்பாவின் மேற்சட்டை இயந்திரத்துக்குள் போனது. திரையைப் பார்த்த பெண் புருவத்தை உயர்த்தினார். சட்டைப் பைக்குள் நாலு உருண்டைகள்!

"சித்ரோன், மதாம்," என்றார் அப்பா.

அந்தப் பெண் நாலையும் எடுத்து, உருட்டி, முகர்ந்து பார்த்தார். எலுமிச்சங்காய்களேதான். வீட்டில் அவர்கள் தேசிக்காய் என்பார்கள். அந்தப் பெண் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எதுக்கப்பா தேசிக்காய்?" என்று அம்மா கேட்டார்.

"சும்மாதான்."

வெளியே வந்ததும் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கப்பல் வெள்ளை வெளேரென்று பத்து மாடிக்கு மேல் உயர்ந்து நின்றது. லா சப்பலில் இருந்த எந்தக் கட்டிடத்தையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம் போலிருந்தது. இவ்வளவு இரும்பும் எப்படி மிதக்கிறது என்று சுபாங்கி மறுபடியும் யோசித்தாள்.

கப்பலில் ஏறும் பாலத்துக்கு முன்னால் அப்பா நின்றுவிட்டார்.

"என்ன?" என்றார் அம்மா.

அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டு நாலு தேசிக்காயையும் எடுத்தார். "போன வருசம் கடைக்கு வான் எடுக்கேக்கை என்ன செய்தனாங்கள்?"

கடைச் சாமான் ஏற்றும் அந்த வான் வந்த நாள் சுபாங்கிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புது வாகனத்தை முதல்முதலாக எடுக்கும்போது நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கடை வாசலில் அன்று காய்களை வைத்தவளே அவள்தான்.

"வானுக்குச் செய்தம். இதுக்கு ஒண்டும் செய்யேல்லை. செய்யாமல் ஏறினால் சரிவராது," என்றார் அப்பா.

"கப்பலுக்குச் சில்லு எங்கையப்பா இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்! சில்லில்லாத வாகனத்தில எப்பிடி நம்பிப் போறது?"

பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்பா நீலச் சூட்கேஸை நிமிர்த்தி, அதன்மேல் உட்கார்ந்தார். "நீங்கள் ரெண்டு பேரும் சந்தோசமாப் போட்டு வாங்கோ. நான் பின்னேர ரயிலில வீட்டை போறன். கடையில வேலை கிடக்கு."

தன் உடுப்பை அவர் ஏன் தனியாக அடுக்கினார் என்று சுபாங்கிக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் எண்ணி வைத்திருந்த ஏழு நாளும் ஒரு சூட்கேஸின்மேல் உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுத்தது.

அம்மா கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுபாங்கி சூட்கேஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"அப்பா, ஒருக்கா எழும்புங்கோ."

"ஏன்?"

"எழும்புங்கோவன்."

அப்பா எழும்பினார். சுபாங்கி தேசிக்காய்களை வாங்கி, தரையில் சதுரமாக வைத்தாள். "அம்மா, பெட்டியை இதுக்கு மேலை வையுங்கோ."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேள்வி கேட்காமல் சூட்கேஸைத் தூக்கி, ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு காய் வரும்படி வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் புது வாகனம்தானே அப்பா? கப்பலுக்குள்ளயும் இதுதான் எங்களோட வரப்போகுது. இப்ப இருங்கோ."

அப்பா தாடையைச் சொறிந்தார். இந்த வாதத்தில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று யோசித்தார். கிடைக்கவில்லை. உட்கார்ந்தார்.

அப்பாவின் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

சளக்!

நாலு காயும் ஒரேயடியாக நசுங்கின. சாறு பீறிட்டுப் பாலத்தடியில் நின்ற ஊழியர் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் பட்டது. அவருடைய சட்டையில் ழான்-லூக் என்று பெயர் எழுதியிருந்தது. அவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார், பிறகு சுபாங்கியைப் பார்த்தார்.

சுபாங்கி பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னாள். புது வாகனம் பத்திரமாகப் போய்வர இப்படிச் செய்வது எங்கள் வழக்கம் என்றாள்.

"அப்படியென்றால் என் சப்பாத்தும் இனிப் பத்திரமாகப் போய்வரும்," என்றார் அவர் மிகவும் தீவிரமாக. வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

சுபாங்கி நசுங்கிய காய்களைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மா முன்னால் போய்ப் பாலத்தில் ஏறிவிட்டார். அப்பா சூட்கேஸின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். பாலத்துக்கும் கரைக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. அதற்குக் கீழே பச்சை நிறத்தில் தண்ணீர் ஆடியது. அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபாங்கி கையை நீட்டினாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. என்ரை கையைப் பிடியுங்கோ."

அப்பாவுக்காகத்தான் அப்படிச் சொல்ல நினைத்தாள். ஆனால் சொல்லும்போது அவளும் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டாள். குரல் தானாகவே நடுங்கியது.

அப்பா உடனே நிமிர்ந்தார். "பயப்படாதை பிள்ளை. அப்பா இருக்கிறனல்லோ!" அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "கீழை பாக்காதை. அம்மாவைப் பார்."

இருவரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். சூட்கேஸ் பின்னால் உருண்டு வந்தது.

பாலத்தின் நடுவில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "கை ஈரமா இருக்கெண்டு நினைக்காதை. அது தேசிக்காய்த் தண்ணி."

சாறு வழிந்த காய்களைப் பொறுக்கியவள் சுபாங்கி. நசுங்கிய பிறகு அப்பா அவற்றைத் தொடவே இல்லை.

"ஓம் அப்பா," என்றாள் அவள்.

முதல் நாள் முழுக்க அப்பா எங்கே போனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் ஒரு கையை விட்டார். மூன்றாம் நாள், கப்பல் சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை தரமும் எடுத்துச் சாப்பிடலாம் என்று கண்டுபிடித்ததும் மறு கையையும் விட்டுவிட்டார். இரண்டு தட்டுக்கும் இரண்டு கை வேண்டுமே! பிற்பகல்களில் மேல்தளத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கும் சுபாங்கிக்கும் சீட்டு விளையாடக் கற்றுக்கொடுத்தார். தோற்கும்போதெல்லாம் புதிதாக ஒரு விதி சொன்னார். தொலைபேசி அடிக்கவே இல்லை. சுபாங்கி ஏழு நாளையும் ஒன்றுவிடாமல் எண்ணி அனுபவித்தாள்.

பாரிஸுக்குத் திரும்பியதும் கடைக்கு வந்த எல்லோருக்கும் அப்பா கப்பல் கதை சொன்னார்.

"அண்ணை, உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?" என்று கரிகாலன் கேட்டார்.

"எனக்கே? பிள்ளைதான் கொஞ்சம் பயந்தவள். நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினனான். என்ன பிள்ளை?"

தேசிக்காய்ப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த சுபாங்கி, "ஓம்," என்றாள்.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. அம்மாவுக்குச் சப்பாத்து வாங்க மறுபடியும் கடைத்தொகுதிக்குப் புறப்பட்டார்கள். கால்வாயில் படகு காத்து நின்றது.

"தேசிக்காய் கொண்டு வந்தீங்களோ அப்பா?" என்று சுபாங்கி இரகசியமாகக் கேட்டாள்.

"உந்தச் சின்னப் படகுக்கு அது எதுக்கு?"

அப்பா முதல் ஆளாக ஏறினார். படகு கொஞ்சம் ஆடியது. காலை அகட்டி வைத்து நின்றுகொண்டு, கரையில் நின்ற மகளை நோக்கிக் கையை நீட்டினார்.

"பயப்படாதை, வா. அப்பா இருக்கிறன்."

அந்தப் படகில் ஏற்கெனவே பதினொரு முறை போயிருந்த சுபாங்கி, கையைக் கொடுத்தாள்.