ஐந்தாவது காற்று

இந்தக் காலத்தில் யாருக்கும் காது இல்லை, மூக்கு இல்லை, கையும் இல்லை. கண் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் விளக்கைப் பார்ப்பதற்கு. டயர் தேய்ந்து கம்பி தெரியும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், கருகின நாற்றம் வரும். ஒருவரும் வர மாட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டால் போதும், வீடு பற்றிக்கொண்ட மாதிரி ஓடி வருவார்கள். வந்தும் டயரைப் பார் என்று சொல்ல மாட்டார்கள். விளக்கை அணை என்பார்கள்.

டயர்க்கடை மேஸ்திரிக்கு இதில் பல வருட வயிற்றெரிச்சல். டயரில் காற்று குறைந்தால் எரிகிற அந்த விளக்கை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. மிஷின் பொய் சொல்லாது மாமா என்று மருமகன் ஒருமுறை சொல்லப்போக, மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று உங்கப்பாவும்தான் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று வாயை அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு மருமகன் கடைப் பக்கம் வந்தால் டயரைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்று மதியம் வந்த வண்டியில் நான்கும் புது டயர், வேறு எங்கோ போட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி காற்றளக்கும் மானியை வைத்துப் பார்த்தார். நான்கிலும் முப்பத்துமூன்று, இருக்க வேண்டிய அளவு. பிறகு பழக்கத்தில் உள்ளங்கையை டயர்மேல் வைத்தவர், எடுத்து மறுபடி வைத்தார். ஓடி வந்த டயர் சுட வேண்டும். இது கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

ஓட்டி வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எதையும் கேட்காமல் மேஸ்திரி உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். விளக்கு மூன்று முறை சிமிட்டியது. அந்த நொடியில் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறதோ அதுதான் சரியான அளவு என்று வண்டி எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தாலும் அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் புத்தி. பிறகு இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஓட்டிக்கொண்டே போங்கள், சரியாகிவிடும் என்றார்.

"போன தடவையும் அப்படித்தான் சொல்லி அனுப்பினீங்க," என்றாள் அவள். "இந்தத் தடவை நீங்களே ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

போன தடவை எது என்று அவருக்கு நினைவில்லை. முகமும் பிடிபடவில்லை. வேறு வண்டி எதுவும் காத்திருக்கவில்லை, இவளோடு வாய் கொடுத்து நிற்பதைவிட ஓட்டித் தொலைத்துவிடலாம் என்று கிளம்பினார்.

ஊருக்கு வெளியே வண்டிகள் குறைந்த அகலச் சாலை. மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனால் மேகம் இறங்கி, வெளிச்சம் அழுக்குத் தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. கண்ணாடிகள் நான்கும் ஏற்றியிருந்ததால் உள்ளே புது ரப்பரின் மணமும் இருக்கையின் தூசியும் அடைத்துக்கொண்டு நிற்க, அவற்றுக்கு அடியில் இன்னொரு நாற்றம், தாரில் தேய்ந்து தேய்ந்து எரிந்துபோன டயரின் நாற்றம், வருவதும் போவதுமாக இருந்தது. மூடியிருக்கும் வண்டிக்குள் அது எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகக் கண்ணாடியில் பின்னால் நோக்கினார். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கவில்லை. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் வண்டியின் படம், மேலிருந்து பார்த்த மாதிரி. நான்கு மூலைகளிலும் வெறும் கோடுகள். முதலில் முன் இடதில் 33 வந்தது. பிறகு முன் வலதில். பின் இரண்டும் சேர்ந்தே வந்தன. வேலை முடிந்தது என்று மேஸ்திரி திரும்ப இடம் தேடிய நேரத்தில், படத்தின் உள்ளே, ஓட்டுநர் உட்காரும் இடத்தில், ஐந்தாவதாக ஒரு கோடு தோன்றியது.

அது எண்ணாக மாறியது. 33.

பிறகு 34. மறுபடி 33. மறுபடி 34. என்ன கோளாறு இது என்று மூச்சை இழுத்தார். 34. விட்டார். 33.

மூச்சை அடக்கிப் பார்த்தார். எண் அசையாமல் நின்றது.

பின்னாலிருந்து அவள் பேச ஆரம்பித்தாள். குரலில் கோபம் இல்லை, மருந்துச் சீட்டைப் படிக்கிறவள் மாதிரி சொன்னாள். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு பெண் இவர் கடையில் பின் வலது டயரை மாற்றினாள். சிவப்பு வண்டி. வேலைக்கான நேர்காணலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டாள். விளக்கு எரிகிறதே என்று அவள் கேட்டதற்கு இவர் பொத்தானை அழுத்தி அணைத்துக் கொடுத்தார். அந்த டயரில் பதினான்குதான் இருந்தது. அதிலேயே போனாள். வளைவில் டயர் பிய்ந்தது.

"என் மக அணைஞ்ச விளக்க நம்பிப் போனா," என்றாள்.

மேஸ்திரிக்கு அந்தச் சிவப்பு வண்டி நினைவுக்கு வந்தது. அன்று காற்றடிக்கும் மிஷினின் பெல்ட் அறுந்திருந்தது. டயர் சக்கர விளிம்பில் உட்காரும் அளவுக்குத்தான் காற்று ஏறியிருந்தது. போகிற வழியில் காற்றடித்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோமா? சொல்லவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

"என் மடியில கனமில்லம்மா. காத்து அடிச்சுதான் அனுப்பினேன்."

29.

தொண்டைக்குக் கீழே ஏதோ இளகியது. உஸ்ஸ் என்று ஒரு மெல்லிய சத்தம், ஊசி நுனியளவு சத்தம். வெளியே காற்று என்று நினைத்தார். ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

"ஒரு வார்த்தை," என்றாள் அவள். "காத்து அடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இங்கயே இறங்கிக்கறேன்."

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது வண்டிக்குள் நிற்குமா? போலீஸ் வரும். மனைவி கேட்பாள். மருமகன் கேட்பான், கேட்டுவிட்டுச் சிரிப்பான். ஒரு பொத்தானுக்காக ஒரு ஆயுளின் பேரை இவள் கையில் கொடுப்பதா?

"அடிச்சேன். அந்தப் பொண்ணு கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருக்கும்."

17.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். உஸ்ஸ். நிற்கவில்லை. இடது காறை எலும்புக்குக் கீழிருந்துதான் வந்தது. வால்வு கசிகிறதா என்று பார்க்க எச்சில் தடவுவது அவர் வழக்கம். விரலை நக்கினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி எலும்புக்கு அடியில் தடவினார். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார்.

தோலின் மேல் ஒரு குமிழ். பெருத்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

14.

கதவைத் திறந்து இறங்கினார். பின் கதவும் திறந்தது. அவள் முன்னால் வந்து அவர் இருக்கையில் உட்கார்ந்தாள். குனிந்து பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விளக்கு சிமிட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. அணைந்தது. படத்தில் அந்த ஐந்தாவது இடத்தில் 14, எந்தக் குறையும் இல்லாத வெள்ளை எழுத்தில்.

"உங்களுக்கு இனிமே இதுதான் சரி," என்றாள். "போங்க."

மேஸ்திரி திரும்பி நடந்தார். மிஷின். கோளாறான மிஷின். மனிதனுக்குக் காற்று அளக்க முடியுமா? யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். வயதாகிவிட்டது, வாயு பிடித்திருக்கிறது. ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும். தனக்கு ஒன்றுமில்லை என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

நடந்தார். வலது கால் பதியும்போது தப் என்றது. ஈரத் துணியைத் தரையில் அறைந்த மாதிரி. தப். இடது கால். தப். அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? காலையில் கணுக்காலுக்கு மேல் நின்ற கால்சட்டை இப்போது தாரில் இழுபட்டது. வலது கை முழங்காலைத் தாண்டித் தொங்கியது, எலும்பில்லாமல், நடைக்கு நடை ஆடிக்கொண்டு. சட்டை மட்டும் உடம்பைவிடப் பெரிதாகக் காற்றில் உப்பியது.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தோளில் மடிந்து, அப்படியே கிடந்தது. கால்கள் நடந்துகொண்டிருந்தன.